உள்தகடு கணக்கில் வராது

ஹலோ… ம், கேக்குது, சொல்லுண்ணா… இரு, இரு. அந்த இரைச்சலை விட்டுத் தள்ளி வந்து சொல்லு. எதை மாத்திட்டீங்க?…

உள்தகட்டையா?

இல்ல, எனக்குச் சரியா விளங்கல. நான் டிசைன் போட்டுக் கொடுத்தது கிளாடு தகட்டுக்கு. இரும்பையும் எவர்சில்வரையும் ஆலையிலயே சூடாக்கி, ஒண்ணா உருட்டி, பிரிக்கவே முடியாதபடி ஒட்டவச்சு வர்ற தகடு. அது கிடைக்கலைன்னு நீங்களா வெறும் இரும்புத் தகட்டுல, திராவகத்தை அழுத்தத்துல அடைச்சு வைக்கற வெஸ்ஸலைச் செஞ்சுட்டீங்க. அப்புறம் உள்ளுக்குள்ள தனியா ஒரு எவர்சில்வர் தகட்டை வளைச்சு வச்சு, பொட்டுப் பொட்டா வெல்டு அடிச்சிட்டீங்க. அப்படித்தானே?…

ஆமாவா? ஆமான்னு வேற சொல்றே?

… முடிஞ்சே போச்சா? முழு வேலையும்?… மூடியைப் போட்டுத் தண்ணி நிரப்பி அழுத்தம் ஏத்தி டெஸ்ட் பண்ண வேண்டியதுதான் பாக்கியா? லாரி வேற வந்து நிக்குதா? ரொம்ப நல்லா இருக்கு. தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் போனா என்ன முழம் போனா என்னன்னு என்கிட்ட கேக்க வந்தியாக்கும்.

… என்ன கேள்வி அது?

… அண்ணா, நெஜமாத்தான் கேக்கறியா?

… ஆமா, பன்னெண்டும் மூணும் பதினஞ்சுதான். அதை ஒண்ணாங்கிளாஸ் புள்ளைகூடச் சொல்லும். ஸ்கேல் வச்சு அளந்தா பதினஞ்சு மில்லி காட்டுதுன்னு சொல்றதுக்கு ஒரு ஃபேக்டரி, அதுக்கு உன்னை மாதிரி ஒரு புரொடக்‌ஷன் மேனேஜர், அவனுக்கு ஒரு மேஜை நாற்காலி. உங்க முதலாளி ஸ்கேலைக் கண்ணுக்குள்ளயே மாட்டிக்கிட்டாரா? எதைப் பார்த்தாலும் அவருக்கு நீளம் அகலம் மட்டும்தான் தெரியுமா?

… கேளு. நல்லாக் கேட்டுக்கோ. அந்த வெஸ்ஸல் அழுத்தம் தாங்கறதுக்குப் பதினாலு மில்லி வேணும். இரும்பு பன்னெண்டு. உள்ள எவர்சில்வர் மூணு. அந்த மூணுலயும் ரெண்டைத்தான் நான் பலத்துக்குன்னு எடுத்துக்கிட்டேன். அதுவும் எதை நம்பி எடுத்தேன்? அது இரும்போட ஒட்டிப் பிறந்த தகடா இருக்கும்னு நம்பி. இப்ப அது ஒட்டல. அப்ப மிச்சம் எவ்வளவு?… பதினஞ்சு இல்லடா, சாமி! பன்னெண்டு. வெறும் பன்னெண்டு. பதினாலு வேணுங்கற இடத்துல பன்னெண்டு. இந்தக் கழித்தல் கணக்காவது வருமா, இல்ல அதுக்கும் ஆள் வச்சிருக்கீங்களா?

… வெல்டுதான் பிடிச்சிருக்கேவா?

… ஐயோ கடவுளே. நீயும் நானும் ஒரே காலேஜுலதான் படிச்சோமா? எனக்கு முன்னாடி அந்தப் பாடத்தைப் படிச்சவன் நீ. உன் புத்தகத்தை வச்சுத்தான் நான் படிச்சேன். அதுல நீ பென்சில்ல கோடு வேற போட்டிருந்தே. கோடு போட்டியே தவிர ஒரு வரியும் மண்டைக்குள்ள போகலையா?

கிளாடுங்கறது நகமும் சதையும். நீங்க உள்ள தனியா வச்சு அடிச்ச லைனிங் இருக்கே, அது கையுறை. நகத்தைப் பிய்ச்சா சதையோட வரும். கையுறையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போயிடலாம். ரெண்டும் விரலைத்தான் மூடியிருக்கு, அதனால ரெண்டும் ஒண்ணுங்கறியா?

… புரியலையா. சரி. மழையில ஒருத்தன் மூட்டை தூக்கறான். அவனுக்கு ஒரு மழைக்கோட்டு மாட்டி விடறே. நனைய மாட்டான். ரொம்ப நல்லது. ஆனா கோட்டு போட்டாச்சேன்னு தலையில இன்னொரு மூட்டையை வைப்பியா?… வைக்க மாட்டேல்ல? உங்க முதலாளி வைப்பாரு. வச்சுட்டு, ஏம்ப்பா உன் கால் நடுங்குது, அதான் கோட்டு போட்டிருக்கியேன்னு அவனையே கேப்பாரு.

… இரு, ஒரு நிமிஷம்.

ஏங்க, கொஞ்சம் அந்தக் கதவைச் சாத்துங்களேன்… வேற யாரையும் திட்டல, எங்க அண்ணனைத்தான். வேற யாரை நான் இப்படிக் கேக்க முடியும்?… சத்தமா? சத்தம் போட்டாலாவது ஏறுதான்னு பாக்கறேன். சாத்துங்க.

ம், சொல்லு… என்ன, விதியா? விதிப்புத்தகத்துல என்ன இருக்குன்னு என்னையே கேக்கறியா? சரி, சொல்றேன், கேளு. கிளாடு தகடா இருந்து, ஒட்டு கெட்டியா இருக்குன்னு சோதிச்சுக் காட்டினா, பலத்துல சேர்த்துக்கலாம். ஒரு துண்டை வெட்டி எடுத்து, எவ்வளவு விசையில உள்தகடு பிரியுதுன்னு பார்ப்பாங்க. அதுல தேறணும். தகட்டோட தகடு சேர்ற இடத்துலயெல்லாம் உள்பக்கமும் அதே எவர்சில்வரால வெல்டு போட்டு முழுசா மூடியிருக்கணும். அப்பக்கூட மூணுக்கு மூணு தரமாட்டான். அந்த உலோகத்தோட பலம் என்னவோ அந்த அளவுக்குத்தான். தனியா வச்சு அடிச்ச லைனிங்கா இருந்தா ஒரே வார்த்தை. பூஜ்யம். அது அரிப்பைத் தடுக்க வந்த விருந்தாளி. பாரம் தூக்க வந்த ஆளு இல்ல.

… கொஞ்சமாவதுன்னா என்ன கொஞ்சமாவது? காய்கறிக் கடையில கொசுறு கேக்கற மாதிரி கேக்கறே? இது என்ன, கொத்தமல்லியா?

… சரி. நீ சொல்ற மாதிரியே வச்சுக்கோ. உள்தகடும் தாங்கும்னு வச்சுக்கோ. வெல்டுல ஊசிமுனை அளவு ஒரு ஓட்டை விழுது. உள்ள இருக்கற திராவகம் அது வழியாத் தகட்டுக்குப் பின்னாடி போகுது. இப்ப உள்தகட்டுக்கு முன்னாடியும் அதே அழுத்தம், பின்னாடியும் அதே அழுத்தம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தள்ளினா அந்தத் தகடு எதைத் தாங்குது? நடுவுல சும்மா மிதக்குது. மொத்தப் பாரமும் யாரு தலையில?… அப்பாடா. இரும்பு தலையில. ஒரு பதிலாவது சரியா வந்துச்சு. இந்தச் சந்தோஷத்தை யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்.

… என்னது? டெஸ்ட்ல தாங்கிட்டா?

… ம்.

தாங்கிடும்ணா. அதுதான் என் பயமே.

பச்சைத்தண்ணி, ஒரு தடவை, கொஞ்ச நேரம். கொஞ்சம் உப்பலாம், உப்பாமலும் போகலாம். தாங்கிட்டா என்ன செய்வீங்க? எல்லாரும் கைதட்டுவீங்க. பெயிண்ட் அடிப்பீங்க. லாரியில ஏத்திடுவீங்க. அங்க போய் அது தினமும் சூடாகும், தினமும் ஆறும். எவர்சில்வர் இரும்பைவிட அதிகமா விரியும். அந்தப் பொட்டு வெல்டை இழுத்துக்கிட்டே இருக்கும், இழுத்துக்கிட்டே இருக்கும். ஒருநாள் ஒரு பொட்டு விடும். அப்புறம் திராவகம் பின்னாடி பூந்து இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். உள்ளயிருந்து பார்த்தா பளபளன்னு இருக்கும். வெளியிலயிருந்து பார்த்தா உங்க பெயிண்ட் இருக்கும். நடுவுல பன்னெண்டு பதினொண்ணாகி, பத்தாகி… டெஸ்ட்ல விட்டுட்டா நமக்கு அவமானத்தோட போச்சு. தாங்கிட்டா யாரோ ஒரு புண்ணியவான் அதுக்குப் பக்கத்துல நின்னு வால்வு திருப்பிக்கிட்டு இருப்பான். அவனுக்கு உன் பேரும் தெரியாது, என் பேரும் தெரியாது. நாம சரியாச் செஞ்சிருப்போம்னு நம்பி நிப்பான். அவன் வீட்டுக்கு நீ போய்ச் சொல்லுவியா, ஸ்கேல்ல பதினஞ்சு காட்டுச்சேம்மான்னு?

… ஹலோ? இருக்கியா?

… இருக்கேன்னு சொன்னா போதாது. புத்தியோட இருக்கியான்னு கேட்டேன். உனக்கு என்ன ஆச்சுண்ணா? நீ இவ்வளவு மந்தம் இல்லையே. சின்னச் சின்ன வாஷருக்குக்கூட என்னோட மல்லுக்கட்டறவன் நீ. இன்னைக்கு என்னடான்னா சொன்னதையே திருப்பிச் சொல்ல வைக்கறே. கழுதைகூட மூணாம் தடவை அடிச்சா வழியை விட்டு நகரும்.

… மறுபடியும் கேக்கறான் பாரேன்! கெட்டியாத்தான் உக்காந்திருக்குதாம். கையால தள்ளினா அசையலையாம்!

சரி. சுத்தியல் இருக்கா அங்க?… மரச்சுத்தியலே போதும். வெஸ்ஸல் வாய் இன்னும் திறந்துதானே இருக்கு? உள்ள யாரும் ஆள் இல்லையே?… நல்லது. போனை உள்ள நீட்டு. கையெட்டற இடத்துல உள்தகட்டைத் தட்டு… தட்டு… ம். அது வெல்டு பொட்டு மேல தட்டினே. அங்க கெட்டியாத்தான் கேக்கும். திருடன் சாட்சிக்குத் தன் கூட்டாளியைக் கூப்பிட்ட மாதிரி. ரெண்டு பொட்டுக்கு நடுவுல தட்டு…

கேட்டுதா?

இன்னொரு தடவை… கேட்டுதா உனக்கு? காலி டப்பா. இன்னும் கொஞ்சம் கீழ… அங்க அதைவிட மோசம். பின்னாடி வெறும் காத்துண்ணா. அந்தக் காத்தையும் சேர்த்துத்தான் நீங்க கணக்குல எழுதியிருக்கீங்க. கிளாடா இருந்தா எங்க தட்டினாலும் ஒரே சத்தம், ஒரே உடம்பு. இதுக்கு ஸ்கேல் தேவையில்ல, படிப்பு தேவையில்ல, காது போதும். கடவுள் உங்க முதலாளிக்கும் ரெண்டு கொடுத்திருப்பான். வேணும்னா கூப்பிட்டுக் கேக்கச் சொல்லு, அந்த…

யாரு இருமினது?

… நீ இல்ல. உன் இருமல் எனக்குத் தெரியாதா? பக்கத்துல யாரு?

… அண்ணா. போன் ஸ்பீக்கர்லயா இருக்கு?

… எப்பலேர்ந்து?

… முதல்லேர்ந்தா!

… யார் யாரு?… வெல்டருங்க எல்லாருமா?… லாரி டிரைவருமா? அவருக்கு இதுல என்ன வேலை?… அப்புறம்?

…

முதலாளியா.

… அந்தக் கண்ணுக்குள்ள ஸ்கேல்னு சொன்னேனே, அப்பவும் அங்கதான் இருந்தாரா?… மூட்டை மேல மூட்டை வைப்பாருன்னு சொன்னப்பவுமா?… சிரிக்காதேண்ணா.  சாமி சத்தியமா சொல்றேன், நீ மட்டும் இப்ப எதிர்ல இருந்தா… ஒரு வார்த்தை முன்னாடி சொல்லக் கூடாதா? ஒரு செருமல், ஒரு கனைப்பு, ஏதாவது?

… என்ன?

… நீ கேட்ட கேள்வி இல்லையா அதெல்லாம்?

… அவர் கேட்டதா. பன்னெண்டும் மூணும் பதினஞ்சும்… வெல்டு பிடிச்சிருக்கேன்னதும்… டெஸ்ட்ல தாங்கிட்டான்னதும்… எல்லாம் அவர் ஜாடை காட்டக் காட்ட நீ கேட்டதா?

… காலையிலேயே சொல்லிட்டியா நீ, டெஸ்ட் பண்ண விடமாட்டேன்னு?… ஓ. உன்னைப் பயந்தாங்கொள்ளின்னாரா. இத்தனை பேர் முன்னாடியா… ம். டிசைன் போட்டவங்க வாயால சொல்லட்டும், அப்ப நிறுத்தறேன்னாரா… சரி, அப்படின்னா அவரையே நேரா என்கிட்ட பேசச் சொல்லியிருக்கலாமே? நான் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டேனா?

… மரியாதையாப் பேசியிருப்பேன். அதுல என்ன தப்பு?

… ம்.

… ம், ஆமா. “பரிசீலிக்க வேண்டிய விஷயம்தாங்கய்யா”ன்னுதான் சொல்லியிருப்பேன். போன தடவை வேற ஒரு வேலையிலயும் அப்படித்தான் சொன்னேன். அவர் அதைச் சரின்னு எடுத்துக்கிட்டு வேலையை முடிச்சிட்டார். அதை மாத்த நீதானே அவர்கிட்டப் போய் நின்னே.

… என்ன சொன்னே?

… உன்கிட்ட மட்டும்தான் உண்மையை உண்மை மாதிரி பேசறேனா.

…

அண்ணா, அவங்க முன்னாடி நான் உன்னைக் கழுதைன்னு சொன்னேனே. யாராவது சிரிச்சாங்களா?… ஒருத்தரும் சிரிக்கலையா… யாரு, அந்த நரைமுடி வெல்டரா? நான் கத்திக்கிட்டு இருக்கும்போதே உன் கையில தண்ணி டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தாரா?… ஒண்ணும் பேசாமலேயா… நல்லா இருக்கட்டும் அந்த மனுஷன். அவருக்கு இருந்த ஈரம் எனக்கு இல்லாமப் போச்சு.

… போனை அவர்கிட்டக் குடுக்காதே. இப்ப என்னன்னு பேசுவேன் நான்? வேணாம்ணா, அவர்கிட்ட குடுக்காதே, நான் அப்புறமா… ஹலோ?… ஆங். வணக்கங்கய்யா… நல்லா இருக்கேங்கய்யா… இல்லைங்கய்யா, அண்ணன் மட்டும்தான் கேக்கறான்னு நினைச்சு வாய்க்கு வந்தபடி… மன்னிச்சிடுங்க. பேசின விதம் தப்பு. ஆனா பேசின விஷயத்துல ஒரு எழுத்தையும் மாத்த முடியாதுங்கய்யா. அந்த உள்தகடு கணக்குல வராது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

… ஆமாங்க.

… ஆமாங்கய்யா. அந்தச் சத்தத்தை நீங்களே கேட்டீங்க.

… இல்லைங்க, உடைச்சுக் கடாசணும்னு நான் சொல்லலையே. உள்தகடு அரிப்புக்குக் காவலா அப்படியே இருக்கட்டும். பலத்துக்கு இரும்பு பன்னெண்டை மட்டும் வச்சு நான் மறுபடி கணக்குப் போட்டுத் தரேன். முன்னாடி சொன்ன அழுத்தம் வராது, குறையும். அந்தக் குறைஞ்ச அழுத்தத்துக்கு டெஸ்ட் பண்ணலாம். வெளித்தகட்டுல அங்கங்க சின்னதாத் துளை போடச் சொல்றேன். உள்ள கசிஞ்சா வெளிய சொட்டிக் காட்டிக் கொடுத்துடும். வாங்கறவருக்கு அந்தக் குறைஞ்ச அழுத்தம் போதும்னா எடுத்துக்கட்டும். போதாதுன்னா வேற செஞ்சுதான் கொடுக்கணும். ஆனா அவர்கிட்ட நீங்க மறைக்காமச் சொல்லணும். இதுதான் நடந்துச்சு, இதுதான் தாங்கும்னு.

… கஷ்டம்தாங்க.

… புரியுதுங்கய்யா. நாம ஒண்ணைச் சொன்னோம், வேற ஒண்ணைச் செஞ்சோம்னு வாயால சொல்றது லேசு இல்ல. ஆனா நீங்க லாரியை அனுப்பியிருந்தா என்கிட்ட யாரும் கேட்டிருக்கப் போறதில்ல. அனுப்பாம நின்னு, நான் ஏசினதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே. அதுக்கே பெரிய மனசு வேணும். நான் முகத்துக்காகச் சொல்லலைங்க.

… வாங்கறவரா? அவரும் அதையேதான் சொல்லுவாரா? சொன்ன தேதிக்கு வந்தா போதும், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்னு?… ம். அப்படி ஒரு ஆளா… நான் பேசறேங்கய்யா. தயங்காம லைன்ல போடுங்க. நிதானமா எடுத்துச் சொல்றேன்… என்னங்க? நிதானமாச் சொல்லக் கூடாதா? திட்டினாத்தான் அவர் காதுல ஏறுமா?

… ஐயோ, வேணாங்கய்யா. அண்ணனை மறுபடியும் அப்படிப் பேச என்னால முடியாது. இன்னைக்கு அவன் வாங்கினதே ஜென்மத்துக்குப் போதும்.

… என்னது?

… அண்ணனை இல்லையா. உங்களையா?

… ஐயா, விளையாடாதீங்க. உங்க வயசு என்ன, என் வயசு என்ன. உங்களைப் போய் நான் எப்படிங்க…

… இல்ல… இல்லைங்க, கேக்கறேன், சொல்லுங்க.

… ம். நீங்க கேள்வி கேட்பீங்க. நான் உங்களைத் திட்டணும். வாங்கறவர் பக்கத்து லைன்ல கேட்டுக்கிட்டு இருப்பாரு.

… அண்ணன் வாங்கின திட்டுல பாதி உங்களுக்கு வந்திருக்க வேண்டியதுன்னு நீங்களே சொல்றீங்களா… பாதி இல்லைங்கய்யா. உள்ளதைச் சொன்னா முழுசும்… ஆங், சிரிக்கறாங்க. பின்னாடி சிரிக்கறாங்க எல்லாரும். இப்ப சிரிக்கறாங்க!

… சரிங்கய்யா. சரிங்க. ஆனா ஒண்ணு, கோபத்துல எனக்கு நீ வா போன்னு வந்துடும்… பரவாயில்லையா?… அண்ணன் எங்க? இன்னும் நின்னுக்கிட்டா இருக்கான்?… உங்க நாற்காலியிலயா? உக்காருண்ணா, கூச்சப்படாதே. முதலாளியே சொல்றாரு, உக்காரு.

… சரிங்க, இதை வச்சிட்டு அவரைப் பிடிச்சுட்டுக் கூப்பிடுங்க. அதுக்குள்ள நான் அந்தக் குறைஞ்ச அழுத்தத்தைக் கணக்குப் போட்டு வைக்கறேன்… ஐயா, ஒரு நிமிஷம், வச்சிடாதீங்க. எடுத்த எடுப்புல என்னால ஆரம்பிக்க முடியாது. நீங்க முதல்ல ஏதாவது அநியாயமாக் கேக்கணும். கோபம் வராம எனக்குத் திட்ட வராதுங்க… ம்… ம், அது போதும். அதைக் கேட்டாலே எனக்கு வந்துடும்.

வைக்கறேங்கய்யா.